பாடசாலையின் பெயரும் ஒரு தம்பியின் பெயரும்





இது நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். எங்கள் பாடசாலையின் இணையத்தளம் சூதாட்டப் பக்கமாக மாறியது எப்படி என்று பலர் கேட்டீர்கள். அதற்கான பதில் இதில் இருக்கிறது. அத்தோடு ஒரு மன்னிப்பும் இருக்கிறது. பழி ஊரறியச் சொல்லப்பட்டதால் மன்னிப்பையும் ஊரறியக் கேட்பதுதான் முறை என்று நினைக்கிறோம்.

'நாங்கள்' என்று இதில் வருவது கணினிக் கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கும் மூன்று ஆசிரியர்கள். தட்டச்சு செய்வது ஒருவர், மூவரும் சேர்ந்து இருந்து பார்த்த பிறகே பதிவிடுகிறோம்.

நடந்தது இதுதான். ஜனவரியில் ஒரு நாள் காலை, தரம் ஆறு பிள்ளையின் உம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், கேற்றடியில ஒட்டியிருக்கிற அந்தப் பெட்டிக் குறிய மகன் போனால ஸ்கேன் பண்ணிட்டான். சீட்டாட்டமும் காசும்தான் வருது. இது என்ன சேர், எங்கட இஸ்கூல் பேரு போட்டு இரிக்கி?" என்றார். நாங்களும் அடித்துப் பார்த்தோம். அதிபரின் செய்தியும் பரீட்சைப் பெறுபேறுகளும் இருந்த இடத்தில் சுழலும் சக்கரமும் கொட்டும் நாணயங்களும். மேலே முகவரிப் பட்டையில் எங்கள் பாடசாலையின் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது.

பகல் இடைவேளைக்குள் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். லுஹருக்குள் "யார் செய்த வேலை" என்ற கேள்வி வந்தது. அஸருக்குள் அதற்கு ஒரு பதிலும் வந்துவிட்டது. "அந்தத் தளத்தை அன்று செய்து தந்த பொடியன் கட்டாரில் இருக்கிறான். பெயரை அவன்தான் வித்துப்போட்டான்." இந்தப் பதிலை முதலில் சொன்னது யார் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் அதைக் கேட்டு "அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டியவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் பெற்றோர் குழுவில், "தனிநபர் ஒருவர் தன்னுடைய பெயரில் பதிவு செய்து வைத்திருந்ததால் ஏற்பட்ட விளைவு" என்று எழுதினார். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஊருக்கே ஆள் தெரியும்.

அந்தத் தம்பியின் வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் சொல்லாமல் செருப்பை எடுத்துக்கொண்டு போனதை எங்களில் ஒருவர் தூரத்தில் நின்று பார்த்தார். பார்த்தும் போய்ப் பேசவில்லை.

சனிக்கிழமை இரவு தம்பியே அழைத்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். "சேர், போன வருசம் ரமழான்ல உங்க மூணு பேருக்கும் ஒரு மெசேஜ் போட்டனே, அத ஒருக்காப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

தேடிப் பார்த்தோம். இருந்தது. "பாடசாலைத் தளத்தின் பெயருக்கு செப்டம்பர் வரைக்கும் காசு கட்டியிருக்கிறேன். நான் வேலை மாறுகிறேன், இப்போதிருக்கும் மின்னஞ்சலும் கார்டும் மாறிவிடும். அதற்கு முன் பாடசாலையின் பெயருக்கு மாற்றி எடுங்கள். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்." கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று படிமுறை முழுவதும் இருந்தது. அதற்கு எங்கள் மூவரில் ஒருவர் அனுப்பிய பதிலும் இருந்தது: "இன்ஷா அல்லாஹ், நோன்பு முடியப் பார்ப்போம் தம்பி."

நோன்பு முடிந்தது. பெருநாள் வந்தது. தவணைப் பரீட்சை வந்தது. நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் வீட்டுவேலை செய்யாமல் வந்து "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு" என்றால் நாங்கள் என்ன சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் அறிந்தோம். 2015இல் பதிவு செய்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயருக்கான பணத்தைத் தம்பியே தன் கையிலிருந்து கட்டி வந்திருக்கிறார். 2022இல் டொலர் இல்லாமல் நாடே திண்டாடியபோது, நாட்டுக்குள் இருந்து வெளியே பணம் அனுப்புவது பெரும்பாடாக இருந்தபோதும், அவர் அங்கிருந்து கட்டியிருக்கிறார். நாங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை. தளம் திறக்கிறது, அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டோம்.

"பெயரை எப்படிக் களவெடுக்க முடியும்?" என்று பலர் கேட்டீர்கள். யாரும் களவெடுக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள, ஒரு பெயரை அடித்தவுடன் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்த பிள்ளைகளுக்கு இது பாடம். எங்களுக்கும் பாடம்தான். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய எங்களுக்கே இப்போதுதான் விளங்கியது.

கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை. அவற்றுக்கு எண் முகவரிதான் தெரியும். மனிதருக்கு எண் நினைவில் நிற்காது. அதனால் பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஒரு பதிவேடு தேவைப்பட்டது. 1970களில், இணையத்தின் முன்னோடி வலையமைப்பில், அது ஒரே ஒரு கோப்பு. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் எழுதுவார்கள். மற்ற எல்லாரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். சில நூறு கணினிகள் இருக்கும் வரை இது நடந்தது. எண்ணிக்கை கூடக் கூட ஒரு கோப்பு, ஓர் அலுவலகம் என்பது தாங்கவில்லை. 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் என்பவர் வேறு ஏற்பாடு ஒன்றை வடிவமைத்தார். இன்றும் நாம் பயன்படுத்துவது அதைத்தான்.

அது நம் ஊரில் வீடு விசாரிப்பது போலத்தான். வெளியூர் ஆள் ஒருவர் கிண்ணியாவில் பஸ்ஸால் இறங்கி ஒரு வீட்டைக் கேட்கிறார் என்று வையுங்கள். கடைக்காரருக்கு வீடு தெரியாது, ஆனால் மஹல்லா தெரியும். "அந்தப் பள்ளியடியில் போய்க் கேளுங்க" என்பார். பள்ளியடியில் இருப்பவர் ஒழுங்கையைக் காட்டுவார். ஒழுங்கையில் விளையாடும் பிள்ளை வீட்டு வாசலுக்கே கூட்டிப்போகும். ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியது அடுத்த படி மட்டும்தான். இணையப் பெயரையும் இப்படித்தான் விசாரிக்கிறார்கள், அதுவும் அரபு வாசிப்பது போல வலப்பக்கமிருந்து. முதலில் உச்சியில் இருக்கும் வேர்ச் சேவர்கள். அவற்றுக்கு ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள். அவர்களுக்கு எங்கள் பாடசாலையைத் தெரியாது. டொட் கொம்முக்குப் பொறுப்பு யார் என்று மட்டும் சொல்வார்கள். டொட் கொம்காரர் இந்தப் பெயருக்குப் பொறுப்பான சேவரைக் காட்டுவார். அந்தச் சேவர்தான் கடைசியில் எண்ணைச் சொல்லும்.

பெயரைப் படிப்படியாகச் சொல்வது நமக்குப் புதிதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டிருப்பீர்கள். 'ஹனீபா' என்று மட்டும் சொன்னால் ஊரில் பத்துப் பேர் திடுக்கிடுவார்கள். மர்ஹூம் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் வாப்பாவும், இன்ன வீதியில் வசித்தவருமான என்று சொல்லும்போதுதான் ஆள் தெளிவாகிறார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களின் வரலாற்றை ஒரு தனித் துறையாக்கியதற்கும் காரணம் இதுதான். ஒரே பெயரில் பல அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். தந்தை பெயர், ஊர், குன்யா, ஆசிரியர் யார் என்றெல்லாம் பார்த்துத்தான் பிரித்தறிந்தார்கள். இமாம் புகாரி அவர்களின் அத்தாரீகுல் கபீர் அப்படிப்பட்ட ஒரு பெரும் பதிவேடு.

நம் துறைமுகப் பக்கத்தில் ஒரே இடத்துக்குப் பல பெயர் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். உவர்மலை என்றாலும் ஓர்ஸ் ஹில் என்றாலும் ஒன்று. சீனக்குடா என்றாலும் சைனாபே என்றாலும் ஒன்று. திருகோணமலை, திருமலை, ட்ரிங்கோ, சிங்களத்தில் திரிகுணாமலய. இணையப் பதிவேட்டிலும் ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு மாற்றுப் பெயராக எழுதி வைக்க ஏற்பாடு உண்டு.

இவ்வளவு பேரிடம் ஒவ்வொரு முறையும் கேட்டால் தாமதமாகும். அதனால் ஒருமுறை கேட்ட பதிலை இடையில் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைப் பதில் சொன்னவரே குறித்துக் கொடுப்பார். ஐந்து நிமிடம், ஒரு மணித்தியாலம், ஒரு நாள். அந்த நேரம் கடந்தால் திரும்பக் கேட்க வேண்டும்.

இந்த இடத்துக்கு வந்தபோது எங்களில் மூத்தவரான டீச்சர் ஒரு பழைய கொப்பியைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருடம் ஒன்றாக வேலை செய்தும் நாங்கள் கேள்விப்படாத கதை.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஊர் முழுவதும் கந்தளாய்ப் பக்கம் போனது உங்களில் பலருக்கு மறக்காது. குடும்பங்கள் பிரிந்து பிரிந்து போய்ச் சேர்ந்தன. சிலர் பாடசாலைகளில், சிலர் கூடாரங்களில், சிலர் சொந்தக்காரர் வீடுகளில். டீச்சர் அப்போது இளம் ஆசிரியை, தானும் இடம்பெயர்ந்தவர். தன் வகுப்புப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று குறிக்க ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுத்திருக்கிறார். இரண்டாம் நாள் பார்த்தால் ஊரே அவரிடம் வருகிறது. "எங்கட மாமி எங்க இருக்கா?" "ரெண்டாவது மகன் யாரோட வந்தான்?" கொப்பியில் நான்கு நிரல்கள். பெயர், வாப்பாவின் பெயர், மூதூரில் எந்த வீதி, இப்போது எங்கே.

மூன்றாம் நாள் ஒரு வாப்பா வந்து மனைவி பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். கொப்பியில் இருந்த இடத்தை டீச்சர் சொல்லி அனுப்பினார். அவர் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அங்கே இல்லை. முதல் நாளே வேறிடத்துக்குப் போய்விட்டார்கள். இரவில் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். அன்றிரவே டீச்சர் இன்னும் இரண்டு நிரல் கோடு கீறினார். ஒன்று திகதி. மற்றது, நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா. கண்டதற்கு 'க', கேள்விப்பட்டதற்கு 'கே'. இரண்டு நாள் கடந்த எந்தப் பதிவையும் நம்பி ஆள் அனுப்பவில்லை, முதலில் யாரையாவது விட்டு விசாரித்தார். அந்த வாப்பா அடுத்த நாள் பின்னேரம் தன் குடும்பத்தைக் கண்டுகொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

இணையப் பெயர்ப் பதிவேட்டிலும் இதே இரண்டு நிரல்கள் இருக்கின்றன. பதில் எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்பது ஒன்று. பதில் சொல்பவர் அந்தப் பெயருக்கு நேரடிப் பொறுப்பானவரா, நினைவிலிருந்து சொல்பவரா என்பது மற்றது. டீச்சருக்கு அப்போது கணினியைத் தொட்டும் பழக்கமில்லை.

அடுத்த கேள்வி, பெயர் ஏன் காலாவதியாக வேண்டும்? ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான் என்று வைத்தால் என்ன? தம்பியிடம் கேட்டோம். அவர் செய்யும் வேலையே இதோடு சம்பந்தப்பட்டதுதான். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் இப்போது ஒரே கணினியில் ஒரே நிரலாக ஓடுவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு நிரல்கள் பல கணினிகளில் பரந்து ஓடும். பணம் கழிக்கும் நிரல் ஒன்று, பற்றுச்சீட்டு அடிக்கும் நிரல் ஒன்று, குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஒன்று. ஒவ்வொன்றும் தொடங்கும்போது ஒரு பெயர்ச் சேவையிடம் போய், "நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று பதிந்துகொள்ளும். மற்றவை அங்கே கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்கும். ஸூகீப்பர், எட்சிடி, கொன்சல் என்ற பெயர்களில் இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன.

அங்கே பதிவு குத்தகை மாதிரி என்றார். சில நொடிகளுக்கு ஒருமுறை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பதிவேடு அந்தப் பெயரைத் தானாக நீக்கிவிடும். "இல்லாட்டி செத்துப்போன நிரலத் தேடி எல்லாரும் போய்க்கிட்டே இரிப்பாங்க சேர். டீச்சர்ர கொப்பியில நடந்தது மாதிரி" என்றார். பெயரைப் புதுப்பிக்கச் சொல்வது காசு பிடுங்கும் வேலை என்று நினைத்திருந்தோம். காசும் இருக்கிறது. ஆனால் பெயருக்கு இன்னும் ஆள் இருக்கிறதா என்று விசாரிக்கும் வழியும் அதுதான்.

பெயர்ச் சேவைக்கும் விவரக்கொத்துச் சேவைக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொன்னார். ஆளின் பெயரைச் சொல்லித் தொலைபேசி எண்ணைக் கேட்பது முதலாவது. "நம் மஹல்லாவில் ஓ நெகட்டிவ் இரத்தம் உள்ளவர் யார்" என்று பண்பைச் சொல்லி ஆளைத் தேடுவது இரண்டாவது. அலுவலகங்களில் ஊழியர் விவரங்களைத் தேட இன்றும் பயன்படும் எல்டெப் என்ற முறை 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டாவது தேவைக்காகத் தோன்றியது.

இனி எங்கள் பெயருக்கு நடந்ததைச் சொல்கிறோம். டொட் கொம் பெயர் காலாவதியானால் உடனே பறிபோகாது. வழமையாக 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள், அபராதம் போலக் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். கடைசியாக 5 நாள், அப்போது யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதன்பின் உலகில் யாரும் எடுக்கலாம். மொத்தம் 80 நாள் அவகாசம். செப்டம்பரில் முடிந்த பெயருக்கு டிசம்பர் வரை அவகாசம் இருந்தது. ஒக்டோபரில் தளம் திறக்காதபோது நாங்கள் "லைன் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டோம். நினைவூட்டல்கள் எல்லாம் தம்பியின் பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அது அவர் சொன்னபடியே மூடப்பட்டிருந்தது.

இப்படிக் கைவிடப்படும் பெயர்களைக் காத்திருந்து எடுப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் ஊரும் உறவும் பகிர்ந்த பெயருக்கு மதிப்பு உண்டு. அதைத் தேடி மனிதர் வருவார்கள். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் வந்தார்கள்.

பதிவேடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நீங்கள் எல்லாரும் அறிந்த இரண்டு சம்பவங்கள். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணி கடந்து முகநூலும் வட்ஸ்அப்பும் நின்றது நினைவிருக்கும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் உள் வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பெயர்ச் சேவர்களை அடையும் வழி இணையத்திலிருந்து மறைந்துபோனது. பெயரைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதே வருடம் பெப்ரவரி 6ஆம் திகதி, சில டொட் எல்கே பெயர்களை அடித்தவர்கள் சம்பந்தமில்லாத வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டின் பூட்டை உடைக்காமல், வழிகாட்டும் பலகையைத் திருப்பிவிட்டாலே போதும் என்பது அன்று தெரிந்தது.

எங்கள் பலகையை யாரும் வந்து திருப்பவில்லை. நாங்களே கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அதை எடுத்தவனை விட்டுவிட்டு, நட்டுத் தந்தவனைத் திட்டினோம்.

செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிக்கச் சொல்வதும், புறம் பேசுவதைக் கடுமையாகத் தடுப்பதும் ஒரே அத்தியாயத்தில், சூரா அல்ஹுஜுராத்தில் இருக்கிறது. இரண்டையும் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். விசாரிப்பதற்குத் தேவையான ஆதாரமும் எங்கள் போனிலேயே இருந்தது.

என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய பெயரை விலை கொடுத்து மீட்கலாமா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசினோம். சூதாட்டப் பக்கம் நடத்துபவர்களுக்குப் பாடசாலையின் பணத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவானது. அந்தப் பெயர் போனது போனதுதான்.

இனி எங்கள் தளம் டொட் எஸ்சிஎச் டொட் எல்கே என்ற முடிவுடன் இருக்கும். அது பாடசாலைகளுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவு. சூதாட்டக்காரர் எவரும் போய் அதில் பெயர் எடுக்க முடியாது. டொட் எல்கே 1990இல் தொடங்கியது, நம் நாட்டிலேயே நிர்வகிக்கப்படுகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் அதைத் தொடங்கி வைத்தவர். 2010இலிருந்து தமிழில் டொட் இலங்கை என்ற முடிவும் நமக்கு உண்டு. முழுப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், கணினி உள்ளே அதை ஆங்கில எழுத்துக் கோர்வையாக மாற்றிக்கொள்ளும். அதையும் எடுக்கும் எண்ணம் இருக்கிறது, ஆனால் இம்முறை "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்" என்று விடாமல் கூட்ட அறிக்கையில் திகதியோடு எழுதியிருக்கிறோம்.

பதிவு எந்த ஆசிரியரின் பெயரிலும் இல்லை. அதிபர் பதவியின் பெயரில், பாடசாலையின் மின்னஞ்சலில். துறைமுகத்தில் வேலை செய்த ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொன்ன உதாரணம் எல்லாருக்கும் விளங்கியது. கப்பலுக்குப் பெயர் மாறும், கொடி மாறும், சொந்தக்காரர் மாறுவார். ஆனால் ஐஎம்ஓ இலக்கம் என்ற ஏழு இலக்க எண் கட்டும்போது கிடைத்து உடைக்கும் வரை மாறாது. 1996இலிருந்து பெரிய வணிகக் கப்பல்களுக்கு அது கட்டாயம். உள்துறைமுகத்துக்கு வரும் கப்பலின் பின்புறத்தில் பழைய பெயருக்கு மேல் புதுப் பெயர் எழுதியிருந்தாலும், அந்த எண்ணை வைத்து அதன் வரலாற்றை எடுக்கலாம். பாடசாலைக்கும் ஆசிரியர் மாறுவார், அதிபர் மாறுவார். பொறுப்பு மாறாத ஒன்றின் மேல் எழுதப்பட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாகங்கள், ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், கடை வைத்திருப்பவர்கள், உங்களிடம் இணையத்தளமோ முகநூல் பக்கமோ இருந்தால் இந்த வாரமே நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள்.

1. பெயர் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது?
2. எந்தத் திகதியில் முடிகிறது?
3. நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது, அதை யார் திறக்கிறார்?
4. அந்த ஆள் நாளைக்கு இல்லாவிட்டால் அடுத்த ஆள் யார்?

பதிலைப் போனில் வைக்காதீர்கள். கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். பள்ளிக்கு வக்பு செய்த காணியின் உறுதியை எவ்வளவு பத்திரமாக வைக்கிறோமோ, அப்படி. இதுவும் அமானிதம்தான். உதவி தேவையென்றால் சனிக்கிழமை பின்னேரம் கணினிக் கூடத்துக்கு வாருங்கள், நாங்கள் மூவரும் இருப்போம். காசு வேண்டாம்.

பழைய முகவரி இருக்கும் பரிசளிப்பு மலர், அழைப்பிதழ், கடிதத் தலைப்பு உங்களிடம் இருந்தால் அந்த வரியைப் பேனையால் வெட்டிவிடுங்கள். கேற்றடியில் இருந்த குறியைக் கழற்றிவிட்டோம். உங்கள் போனில் சேமித்திருந்தால் அழியுங்கள். பழைய பதில்கள் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை தானாகக் காலாவதியாவதில்லை, நாம்தான் அழிக்க வேண்டும். தம்பியைப் பற்றிய அந்தப் பேச்சும் அப்படித்தான். "அவன் வித்துட்டான்" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், நீங்கள் அதை யாருக்காவது சொல்லியிருந்தால், அவர்களிடம் போய் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

வியாழன் மஃரிபுக்குப் பிறகு நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாப்பா உள்ளே வரச்சொல்லிக் கதிரை போட்டார். நடந்ததைச் சொல்லி, பிழை எங்களுடையது என்று சொன்னோம். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அவன் ஒவ்வொரு வருசமும் இஸ்கூலுக்கு ஏதோ கட்டுறன் எண்டு செல்லுவான். என்னத்துக்கு எண்டு நான் கேக்கல்ல. சதக்கா எண்டு நெனச்சன்" என்றார். உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். புறப்படும்போது வாப்பா வாசல் வரை வந்து, "குழுவில போட்டீங்கதானே, அதே குழுவில இதையும் போடுங்க" என்றார்.

அதனால்தான் இந்தப் பதிவு. பெற்றோர் குழுவிலும் இதே சொற்களில் போட்டிருக்கிறோம்.

தம்பி, உங்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நீங்கள் கேட்டதால் எழுதவில்லை. பத்து வருடம் எங்கள் பாடசாலையின் பெயரை நீங்கள் காப்பாற்றினீர்கள். ஒரு வாரம் உங்கள் பெயரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. எங்களை மன்னித்துவிடுங்கள். நீங்கள் இதுவரை கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சங்கம் தீர்மானித்தது. நீங்கள் வாங்க மறுத்து, கணினிக் கூடத்துக்கு இரண்டு விசைப்பலகை வாங்கச் சொன்னீர்கள். வாங்கிவிட்டோம். அடுத்த லீவில் வரும்போது தரம் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பெயர்ச் சேவைப் பாடத்தை நீங்களே எடுக்க வேண்டும். டீச்சர் அந்தக் கொப்பியையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், வீட்டில் இன்னும் இருக்கிறதாம்.

எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள்.